பக்கத்து வீட்டு நேவி

பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த வெள்ளைக்காரக் கிழவரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. வெள்ளைத் தாடி, கழுத்தில் தொலைநோக்கி. பறவை பார்க்கிறாராம். கனடாவில், இந்த ஸ்காபரோவில் எங்கள் தெருவில் இருப்பது புறாவும் காகமும்தான். அதற்கு எதற்குத் தொலைநோக்கி?

"உது பிரிட்டிஷ் நேவி ஒஃபிசற்ற வீடு அம்மா. மெடல் எல்லாம் கிடைச்சதாம்," என்றாள் மகள். நேவி என்றதற்குப் பிறகு என் காதில் எதுவும் ஏறவில்லை. நான் தீவுப்பகுதிப் பெண். ஊரில் சண்டைக் காலத்தில் என் தம்பி மீன்பிடிக்கப் போன வள்ளத்தை எங்கள் நாட்டு நேவி மறித்தது. வள்ளம் கரையொதுங்கியது. தம்பி வரவில்லை.

மகளோ அந்த வீடே கதியென்று கிடந்தாள். வீட்டுக்கு வந்தால் கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பழகினாள். கிழவர் பிள்ளையின் மனதைக் கெடுக்கிறார் என்று யன்னல் திரைக்குப் பின்னால் நின்று நானும் அவரை வேவு பார்த்தேன். நினைத்தபடியே ஒரு நவம்பர்க் காலையில் வந்து நின்றாள். படித்துக்கொண்டே, வார இறுதிகளில் கனடிய நேவியின் பகுதிநேரப் படையான ரிசேர்வுக்குப் போகப் போகிறாளாம்.

"உந்த மனுசன்தானே சொல்லித் தந்தவர்?"

"அங்கிளா? அவர் போட்டில ஏறினாலே வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுப்பார் அம்மா. அங்க பாருங்கோ."

போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாள் அது. கிழவர் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ரோசாச் செடிகளுக்குள் குனிந்தபடியே நான் கண்டு பழகிய அவர் மனைவி, கறுப்புக் கோட்டில் பதக்கங்கள் தொங்க, நிமிர்ந்து நடந்து வந்தார்.

அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போனேன், கோபத்தோடுதான். கிழவரின் மனைவிதான் தேநீர் தந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர், விடுமுறைகளில் கடற்படை. எரிந்த கப்பலிலிருந்து ஆட்களை இறக்கியதற்கு ஒரு பதக்கமாம். அது எனக்குத் தேவையில்லை. மீன்பிடி வள்ளங்களை மறித்திருக்கிறீர்களா என்று என் ஆங்கிலத்தில் நேரே கேட்டேன்.

"மறித்திருக்கிறேன்," என்றார். "அவர்கள் என்னை நம்பவில்லை. நீங்களும் நம்பத் தேவையில்லை."

இல்லையென்று பொய் சொல்லியிருந்தால் மகளை மறித்திருப்பேன். தம்பியைப் பற்றிச் சொன்னேன். அழுதேன். மகளைப் போக விட்டேன்.

சீருடையோடு அவள் முதன்முதலாக வீட்டுக்கு வந்த மாலை பெல் அடித்தது. கதவுக் கண்ணாடியில் தொப்பியும் கறுப்பு உடுப்பும் தெரிந்தன. என் கை தானாகப் போய் மேல் பூட்டையும் போட்டது.

"அம்மா, நான்தான்," என்றாள், குளிருக்குள் நின்று.