ஏலச்செடி பார்க்கப் போனோம்

காலை 6.10. மதுரை ஆரப்பாளையத்தில் போடி பஸ் ஏறினோம், நானும் என் மகள் யாழினியும். அவளுக்கு வயது இருபத்திரண்டு; ஆட்டிசம் உண்டு. ஏலக்காய் என்றால் உயிர். கைப்பையில் எப்போதும் நாலு காய் வைத்து முகர்ந்துகொண்டிருப்பாள். அது செடியின் அடியில், மண்ணை ஒட்டிக் காய்க்கும் என்று படத்தில் பார்த்ததிலிருந்து, நேரில் பார்க்க வேண்டுமென்று ஒரு வருடமாக நச்சரிப்பு.

8.40. போடி. போடிமெட்டுக்கு ஜீப்பில் இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். முதல் நாளே ஓட்டுநரிடம் போனில் கெஞ்சியிருந்தேன்: முன் சீட்டு வேண்டும், பாட்டு வேண்டாம், யாரும் அவளைத் தொடக் கூடாது.

"அதுக்கென்னக்கா, நம்ம வீட்டுப் புள்ள மாதிரி பாத்துக்கிருவோம்" என்றிருந்தார். சொன்னபடியே முன் சீட்டு. பாட்டும் இல்லை. பின்னால் தோட்டத்துச் சோலிக்குப் போகும் பெண்கள் ஏழு பேர். மனுஷன் தங்கம் என்று நினைத்தேன்.

9.15. முந்தல். மலை ஏறுமுன் ரோட்டோரக் கோயிலில் நிறுத்தித் திருநீறு பூசிக்கொள்வது அந்த ஜீப்பின் வழக்கமாம். போனில் இதை அவர் சொல்லவில்லை. அவருக்கு இது சொல்ல வேண்டிய சங்கதியே இல்லை. மணியை ஓங்கி அடித்தார். யாழினி காதைப் பொத்திக்கொண்டு முனகினாள்.

"ஆத்தா, புள்ள பயந்துருக்கு" என்று பின்னாலிருந்த ஓர் அம்மா இறங்கி வந்து, கை நிறையத் திருநீறு அள்ளி அவள் நெற்றியில் அப்பி, முகத்திலும் ஊதிவிட்டார்.

"தொடாதீங்க!" என்று நான் கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. யாழினி அலறிக்கொண்டு கதவில் தலையை மோதினாள். கையை உதறியதில் அந்த அம்மாவின் தூக்குவாளி தெறித்து, மதியச் சோறு ரோட்டில் கொட்டியது.

"நல்லது செய்ய வந்த கையத் தட்டிவிடுதே!" என்றார் ஒருத்தி.

"வெரசா எறக்கி விடுங்கண்ணே. வளைவுல ஸ்டியரிங்கப் புடிச்சு இழுத்துச்சுன்னா?" என்றார் இன்னொருத்தி.

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "எல்லாரும் பயப்படுறாங்கக்கா. இன்னொரு நாளைக்குக் கூட்டியாங்க, நானே கொண்டு போறேன்."

அந்த ஜீப்பில் கெட்டவர் ஒருவர்கூட இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். யாரைத் திட்டுவது? இத்தனை பேர் முன்னால் மானம் போகிறதே என்று, நெற்றி வீங்கி நின்ற மகளைத்தான் அதட்டினேன்: "அவங்ககிட்ட சாரி சொல்லு!" சொன்னாள். எங்களை அங்கேயே விட்டுவிட்டு ஜீப் மலையேறிப் போய்விட்டது.

12.30. போடிக்குத் திரும்பி மதுரை பஸ். ஏறியதும் நடத்துநரிடம் "சாரி" என்றாள். முன் சீட்டுக்காரரிடம் சொன்னாள். தேனியில் ஏறியவர்களிடம், உசிலம்பட்டியில் இறங்கியவர்களிடம், ஒருவர் விடாமல் சொன்னாள். சிலர் சிரித்தார்கள், சிலர் இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

"போதும்டி, விடு" என்றேன். என் பக்கம் திரும்பி எனக்கும் ஒரு சாரி சொன்னாள்.

நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.