நாலடி மேடைக்கு நாற்பத்தெட்டு அடி

1. பிரேக்

முதல் நாளே நான் செய்த தப்பு, மகேஸ்வரியின் வீல்சேரைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியது. வரிசை கோணலாக இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தோளைப் பிடித்து நகர்த்தி நிறுத்துவது போல அவளையும் நகர்த்திவிடலாம் என்று நினைத்தேன். சக்கரம் அசையவில்லை. அவள் பிரேக்கைப் போட்டிருந்தாள்.

“டீச்சர், இந்தச் சேரும் என் உடம்புதேன். எங்க நிக்கணும்னு சொல்லுங்க, நானே போறேன்” என்றாள். குரலில் கோபம் இல்லை. ஆனால் நான் கையை எடுக்கும் வரை பிரேக்கை விடவில்லை.

எனக்கு அப்போது ஆண்டுவிழா நடனம் சொல்லிக்கொடுப்பதில் இருபத்தாறு வருட அனுபவம். திண்டுக்கல்லிலும் வடமதுரை, வேடசந்தூர் பக்கத்துப் பள்ளிகளிலும் பிலோமி டீச்சர் என்றால் தெரியும். ஒரு பாட்டு, முப்பது பிள்ளைகள், முப்பது பேருக்கும் ஒரே ஸ்டெப். இதுதான் என் தொழில். மாற்றுத்திறனாளிகள் சங்கம் ஒன்றின் செயலாளர் ராஜமாணிக்கம் சார் என் தம்பியோடு படித்தவர். சிறுவயதில் போலியோ வந்து, இடது காலில் காலிப்பர் என்கிற இரும்புச் சட்டம் போட்டு நடப்பவர். டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் தின விழா நடத்துகிறோம், பத்து நிமிடத்துக்கு ஒரு ஐட்டம் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார். ஆட எட்டுப் பேர். மூன்று பேர் வீல்சேரில், ஒருவருக்குக் காது கேட்காது, ஒரு கல்லூரி மாணவிக்குப் பார்வை இல்லை. மீதி மூன்று பேர் என் பழைய மாணவிகள்.

நான் ஒரு மெதுவான பாட்டைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். வெள்ளை உடை, கையில் மெழுகுவத்தி, கடைசியில் எல்லாரும் வானத்தைப் பார்ப்பது. பாட்டைப் போட்டுக் காட்டினேன்.

“இது யாருக்கு டீச்சர், எழவு வீட்டுக்கா?” என்றாள் மகேஸ்வரி.

அவள் அம்மா பாப்பாத்தி பதறி, “ஏ, சும்மா இருடி” என்றார். மகேஸ்வரிக்கு முப்பத்திரண்டு வயது. வடமதுரையில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள். அவள் சும்மா இருக்கவில்லை.

“எங்க சொந்தத்துல எத்தனையோ கல்யாணம் பாத்துட்டேன். மாப்பிள்ளை அழைப்புல அம்புட்டுப் பேரும் ஆடுவாங்க. ‘மகேசு இங்கதான இருப்ப, இதைப் பாத்துக்க’ன்னு எல்லாப் பையையும் என் மடியில வச்சிட்டுப் போவாங்க. நான் பைக்குக் காவக்காரி. எனக்கு ஆடணும் டீச்சர். பாக்குறவங்க அழுகுறதுக்கு இல்ல. நல்லா வேர்த்து விறுவிறுக்க ஆடணும்.”

மெழுகுவத்தி அன்றோடு போயிற்று.

2. ஒரு தள்ளு, ரெண்டு வீச்சு

ஒயிலாட்டம் என்று முடிவானது. எங்கள் பக்கத்து ஆட்டம், தவிலும் துண்டும் இருந்தால் போதும், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒயிலாட்டத்தின் அழகே கையில் வீசுகிற துண்டுதான். வீல்சேரில் இருப்பவருக்கு இரண்டு கையும் சக்கரத்தில் இருக்கும். துண்டை எந்தக் கையால் வீசுவது?

என் மாணவிகள் பின்னால் நின்று சேரைத் தள்ளட்டும் என்றேன். வீல்சேரில் இருந்த மூன்று பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். அன்று மாலை எல்லாரும் போன பிறகு சங்கத்தில் இருந்த ஒரு பழைய வீல்சேரில் நானே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் சுவரில் இரண்டு முறை மோதினேன். தோள் விட்டுப் போயிற்று. ஆனால் ஒன்று புரிந்தது. ஒரு தடவை நன்றாகத் தள்ளிவிட்டால் சேர் தானாகக் கொஞ்ச தூரம் ஓடும். அந்த நேரம் கை சும்மாதான் இருக்கிறது.

மறுநாள் மகேஸ்வரியிடம் சொன்னேன். அவள் துண்டை மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். ஒன்றில் தள்ளு, இரண்டிலும் மூன்றிலும் வீச்சு, நாலில் ஒரு சக்கரத்தை மட்டும் பிடி. பிடித்த பக்கம் சேர் சட்டென்று அரைவட்டம் அடித்துத் திரும்பியது. நடக்கிறவர்கள் நாலு அடி எடுத்துத் திரும்புவதை அவள் ஒரே பிடியில் திரும்பினாள். என் மாணவிகளால் அந்த வேகத்துக்கு வர முடியவில்லை. அவர்களுக்காகப் பாட்டின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டியதாயிற்று.

3. பாட்டு நின்றபோது

காது கேட்காதவர் பாண்டி. வேடசந்தூரில் நூல் மில் வேலை. அவர் கையால் பேசுவதை மனைவி கவிதா எங்களுக்கு வாயால் சொல்வாள். நான் பாண்டியைக் கடைசி வரிசையில் நிறுத்தியிருந்தேன். முன்னால் ஆடுகிறவர்களைப் பார்த்து ஆடிக்கொள்வார் என்று என் நினைப்பு.

ஒரு நாள் ஒத்திகை நடுவில் கரண்ட் போயிற்று. பாட்டு நின்றது, எல்லாரும் நின்றோம். பாண்டி மட்டும் ஆடிக்கொண்டே இருந்தார். யாரோ சிரித்தார்கள். நான் கையசைத்து நிறுத்தப் போனவள், அவர் துண்டைப் பார்த்தேன். விழ வேண்டிய இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. வாய்க்குள் எண்ணினேன். ஓர் எண்ணிக்கை பிசகவில்லை. சுற்றை முழுதாக முடித்து, எட்டில் காலைக் குத்தி நின்றார்.

கவிதா சொன்னாள்: “மில்லுல அம்புட்டு மிஷினும் ஓடுறப்ப எது நின்னுச்சுன்னு தரையில காலை வச்சே சொல்லிருவாக டீச்சர். பாட்டு நின்னது அவுகளுக்கும் தெரிஞ்சிருக்கு. ‘பாட்டு நின்னா ஆட்டம் எதுக்கு நிக்கணும்’னு கேக்குறாக.”

அடுத்த நாள் ஸ்பீக்கர் பெட்டியைத் தரையில் படுக்கப் போட்டேன். பாண்டி வெறுங்காலோடு முன்வரிசைக்கு வந்தார். இருபத்தாறு வருடமாக ஃபைவ், சிக்ஸ், செவன், எயிட் என்று கத்திய என் தொண்டைக்கு ஓய்வு கிடைத்தது. பாண்டி விரலைக் காட்டினால் எல்லாரும் தொடங்குவார்கள்.

4. ஏழு படி

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு கல்யாண மண்டபத்தைப் பார்க்கப் போனோம். மேடை நாலடி உயரம். ஏறுவதற்கு ஏழு படி. சரிவுப் பாதை கிடையாது. இதை முன்பே போய்ப் பார்க்காதது என் குற்றம்.

மண்டப மேனேஜர் நல்ல மனிதர். “அதுக்கென்ன டீச்சர், சமையக்கட்டுல நாலு ஆளுக இருக்காங்க. அலுங்காமத் தூக்கி மேல வச்சிருவாங்க” என்றார்.

“நான் வரல” என்றாள் மகேஸ்வரி.

ராஜமாணிக்கம் சார், “எத்தனை மேடையில என்னையும் அப்பிடித் தூக்கி வச்சிருக்காக. பழகிப் போச்சு. பெரிய ஆபீசரெல்லாம் வாராங்க. ஒரு நாளைக்குத்தானம்மா, பொறுத்துக்க” என்றார். நானும், “ஆமா மகேசு, ரெண்டே நிமிசந்தான்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “எங்கக்கா கல்யாணத்துல போட்டோ எடுக்கணும்னு மாமாமாரு ரெண்டு பேரு என்னையத் தூக்குனாங்க. சேலை வெலகிருச்சு. அம்புட்டுச் சனமும் பாத்துச்சு. போட்டோவுல நான் சிரிச்ச மாதிரிதேன் இருக்கேன்.”

பாப்பாத்தியைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக வடமதுரைக்குப் பஸ் ஏறினேன். அவள் தைத்துக்கொண்டிருந்தாள். “நேத்து நான் சொன்னது தப்பு மகேசு” என்றேன். இந்தத் தொழிலில் மாணவியிடம் நான் கேட்ட முதல் மன்னிப்பு அது. அவள் தையலை நிறுத்திவிட்டு ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

“மேடைக்கு வரலைன்னுதேன் சொன்னேன் டீச்சர். ஆட மாட்டேன்னு சொல்லலையே.”

துணி வெட்டக் கோடு போடும் சாக்பீஸை எடுத்து, மேசைமேல் கிடந்த லைனிங் துணியில் மண்டபத்தை வரைந்தாள். நடுவில் காலி இடம், சுற்றிலும் வட்டமாக நாற்காலிகள்.

“கீழயே ஆடுவோம்” என்றாள்.

“மேடையில பெரிய ஆளுக உக்காந்திருப்பாங்களே. அவுங்களுக்கு நாம ஆடுறது சரியாத் தெரியாதே?”

“அப்ப அவுகளைக் கீழ வரச் சொல்லுங்க. அவுகளுக்குத்தேன் படி எறங்கத் தெரியும்ல.”

5. கீழே

ராஜமாணிக்கம் சாரிடம் அன்றே போய் இதைச் சொன்னேன். விழாவன்று மேடையில் அவர் பெயர் ஒட்டிய நாற்காலி காலியாகவே இருந்தது. அவர் படி ஏறவில்லை. கீழே நின்றபடியே மைக்கைப் பிடித்தார். “மேடையில இருக்கிற பெரியவங்க தயவுசெஞ்சு கீழ வரணும். இன்னைக்கு ஆட்டம் இங்கதான்.”

மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிறப்பு விருந்தினராக வந்திருந்த பெண் அதிகாரி முதலில் எழுந்தார். சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு ஏழு படியும் இறங்கி வந்து, பாப்பாத்தி பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மற்றவர்களும் இறங்கினார்கள்.

பாண்டி விரலைக் காட்டினார். தவில் எழுந்தது.

ஆண்டுவிழாக்களில் நான் திரைக்குப் பின்னால் நின்று பதறுகிறவள். அன்று திரையும் இல்லை, பதற்றமும் இல்லை. மூன்று சேர்களும் ஒன்றாகத் திரும்பியபோது, மணிக்கட்டுத் துண்டுகள் முன்வரிசைக்காரர்களின் முகத்துக்குக் காற்று வீசின. பார்வையில்லாத மாணவி சக்கரச் சத்தத்தைக் கேட்டே இடம் பிடித்து ஆடினாள். ஒரு சேரின் முன்சக்கரம் ஜமுக்காள ஓரத்தில் மாட்டியது. அதில் இருந்தவர் நின்ற இடத்திலேயே சுழன்று, அதுவும் ஸ்டெப்தான் என்பது போல எடுத்துக்கொண்டு போனார். கூட்டத்தில் ஊன்றுகோல் வைத்திருந்தவர்கள் அதையே தரையில் தட்டித் தாளம் போட்டார்கள். கடைசியில் வேகம் கூடியபோது, பாப்பாத்தி மடியிலிருந்த பையை அதிகாரி அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே இறங்கி ஆடினார். அதிகாரி அம்மா ஆட்டம் முடியும்வரை அந்தப் பையைப் பத்திரமாக வைத்திருந்தார்.

முடிந்ததும் அவர் மகேஸ்வரியிடம், “இவ்வளவு நல்லா ஆடுறீங்க, ஏன் மேடையில ஆடலை?” என்று கேட்டார்.

வேர்த்து ஒழுகிய முகத்தோடு மகேஸ்வரி மைக்கை வாங்கினாள். “மேடைக்குப் படி இருக்கு மேடம், வழி இல்ல. வழி இருந்திருந்தா ஏறியிருப்போம்.”

மேனேஜர் பந்தி நடக்கும் கூடத்தின் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

6. ரயிலா ஏறப்போகுது?

பொங்கல் கழித்து மண்டப மேனேஜரே போன் செய்தார். “டீச்சர், மேடைக்குச் சரிவு கட்டியாச்சு. அந்தப் புள்ளையைக் கூட்டிட்டு வாங்க.”

போய்ப் பார்த்தோம். எட்டடி நீளத்தில் செங்குத்தாக ஒன்று கட்டியிருந்தார்கள். மகேஸ்வரி கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். “அண்ணே, இது ஏறுறதுக்கா, சறுக்கி வெளையாடுறதுக்கா?”

“ஏன், நல்லாத்தான இருக்கு?”

“நீங்க ஏறிக் காட்டுங்க.”

எங்களோடு வந்திருந்த இன்னொரு வீல்சேர் ஆட்டக்காரரின் சேரை வாங்கி மேனேஜர் உட்கார்ந்தார். தம் பிடித்துத் தள்ளி மூன்றடி ஏறினார். பிறகு வந்த வழியே பின்னோக்கி வந்தார். சமையல்காரர்கள் ஓடிப் பிடித்தார்கள். அவரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம்.

ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்று ராஜமாணிக்கம் சார் கணக்குச் சொன்னார்.

“நாலடி மேடைக்கு நாப்பத்தெட்டு அடியா? மேல ரயிலா ஏறப்போகுது?” என்று அலுத்துக்கொண்டார் மேனேஜர். ஆனாலும் இடித்துவிட்டு மறுபடி கட்டினார். பக்கச்சுவரை ஒட்டிப் போய், நடுவில் ஒரு திருப்பம் வைத்து, கைப்பிடியோடு. மகேஸ்வரி டேப் பிடித்து அளந்து சரி என்று சொன்ன பிறகுதான் டைல்ஸ் ஒட்டினார்கள். இப்போது சீர்வரிசைத் தட்டும் அதில்தான் ஏறுகிறது, முழங்கால் வலிக்கிற சம்பந்தியும் அதில்தான் ஏறுகிறார். கல்யாணம் பேச வருகிறவர்களிடம் அதை முதலில் காட்டுவது மேனேஜர்தான். தன்னுடைய யோசனை என்றே சொல்கிறார். நாங்கள் மறுப்பதில்லை.

7. சனிக்கிழமை வகுப்பு

போன வருடம் என் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. இனிமேல் குதிக்கக் கூடாது என்றார் டாக்டர். ஆண்டுவிழா வேலையை விட்டேன். சங்கக் கட்டடத்தில் சனிக்கிழமைதோறும் எல்லாருக்குமான நடன வகுப்பை இப்போது மகேஸ்வரி எடுக்கிறாள். வேடிக்கை பார்க்கலாம் என்று ஒரு நாள் போய் ஓரமாக உட்கார்ந்தேன்.

முதல் பாட்டு முடிந்ததும் நேராக என்னிடம் வந்தாள். “கால்தான டீச்சர் வலிக்குது? கையி நல்லாத்தான இருக்கு?”

பிளவுஸுக்கு அளவெடுக்கும்போது பார்ப்பது போல என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். செத்த நேரம் யோசித்துவிட்டு, உட்கார்ந்தபடியே ஆடுகிற மாதிரி எனக்கென்று நாலு எண்ணிக்கை போட்டுக் கொடுத்தாள்.

இருபத்தாறு வருடமும் நான் ஸ்டெப்பை முதலில் போட்டுவிட்டு அதற்கு ஏற்ற பிள்ளைகளைப் பொறுக்கினேன். வேண்டாம் என்று உட்கார வைத்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்ததே இல்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: ஆளைப் பார்த்துவிட்டு ஸ்டெப் போடுங்கள்.

அன்று நான் மூன்றாவது எண்ணிக்கையில் தப்பு செய்தேன். மகேஸ்வரி விடவில்லை, எல்லாருக்கும் முன்னால் என்னை மறுபடி முதலிலிருந்து ஆடச் சொன்னாள்.