சோஹாரிலிருந்து துபாய்க்கு ஒரு போர்க்கப்பல்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சோஹாரிலிருந்து புறப்பட்டோம். என் காரின் பின்சீட்டில் இத்தாலியப் போர்க்கப்பல் ஒன்று குறுக்காகப் படுத்திருந்தது. பெயர் ஜூலியோ சேஸரே, நீளம் ஒன்றேகால் மீட்டர். அதைக் கட்டிய குளச்சல்காரர் அருள் முன்சீட்டில் இருந்தார். சோஹார் துறைமுகத்தில் டெக்னீஷியன், மாதிரிக் கப்பல் கட்டுகிறவர்களின் வாட்ஸாப் குழுவில் எனக்குப் பழக்கம். கம்பெனி கேம்ப் ரூமில் வைத்துக் கட்டியது, இரண்டு வருட உழைப்பு. ஞாயிற்றுக்கிழமை அவர் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போகிறார். விமானத்தில் கப்பலை ஏற்ற வழியில்லை. இன்று மாலை துபாய்ப் பூங்கா ஒன்றின் குளத்தில் எங்கள் குழு கூடுகிறது. எல்லோர் முன்னாலும் கப்பல் ரிமோட்டில் ஒரே ஒரு சுற்று ஓடிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அதற்காகத் துபாயிலிருந்து இருநூறு கிலோமீட்டர் வந்த என்னைக் கிறுக்கு என்றாள் என் மனைவி. நான் மறுக்கவில்லை.

வழியில் நூறு ஓமான் பைசாவுக்கு ஏலக்காய் மணக்கும் ஒரு கரக் டீ. குடித்துக்கொண்டே அருள் கப்பலின் கதையைச் சொன்னார்.

"ஜெனோவால கட்டுனது அண்ணே. ஆயிரத்தித் தொள்ளாயிரத்திப் பதினாலுல சேவைக்கு வந்துச்சு. பதிமூணு பீரங்கி! மொத உலகப் போருல ஒரு சண்டையும் போடல்ல, துறைமுகத்துலயே கெடந்துச்சு. பொறவு முப்பதுகள்ல பிரிச்சு, முப்பத்தேழுல திரும்பக் கட்டி முடிச்சப்ப நடுவுல இருந்த மூணையும் எடுத்துட்டானுவ. நான் கட்டுனது பழச. பதிமூணும் இருக்கு, பாத்தியளா?"

ஹத்தா எல்லையில் அதிகாரி கப்பலை மூடியிருந்த போர்வையை விலக்கிப் பீரங்கிகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"ஓல்ட் ஷிப், சார். வார் மாஃபி, கலாஸ்!" போர் இல்லை, எல்லாம் முடிந்தது என்று அரபு கலந்து சொன்னார் அருள். அதிகாரி சிரித்துவிட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டார். "யல்லா, யல்லா!" என்று போகச் சொல்லிக் கையசைத்தார்.

மாலை நான்கு மணிக்குக் கப்பலைக் குளத்தில் இறக்கினோம். நீர்மட்டம் காட்ட வரைந்திருந்த சிவப்புக் கோடும் மூழ்கும்படி அமிழ்ந்தது. பக்கவாட்டுத் துளைகளில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் பதறித் தூக்கினோம்.

"சோஹார் கடல்ல நல்லா மெதந்துச்சே அண்ணே!" அருளின் முகம் செத்துவிட்டது.

கடலில் மிதக்கவிட்டு எடையைச் சரிபார்த்திருக்கிறார்! உப்புத் தண்ணீர் தூக்கிப் பிடிக்கிற அளவுக்கு நல்ல தண்ணீர் பிடிக்காது. கடற்கரையில் பிறந்த மனிதருக்குத் தண்ணீர் என்றாலே கடல்தான். கப்பல் சாயாமலிருக்க அடியில் வைத்த ஈயத்தையும் ரெசின் பசை ஊற்றி மூடியிருந்தார், எடுக்க முடியாது. மூன்று பீரங்கி கொண்ட நடு மேடை மட்டும் திருகாணியில் நின்றது, அதுவும் ஈயத்தில் வார்த்தது.

"அதைக் கழட்டிடுங்க அருள். இத்தாலிக்காரனே கழட்டினான்ல?"

"பதிமூணு இல்லன்னா அது என் கப்பலே இல்ல!" என்று சீறினார். குளத்தோரம் காத்திருந்த குழுவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவர் கேட்டார். ஓட்டையை டேப் ஒட்டி மூடினோம்.

சிவப்புக் கோடு தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்தது. கப்பல் ஒரு முழுச் சுற்று ஓடி வந்தது. அருள் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். வேடிக்கை பார்த்த கராச்சிக்காரர் ஒருவர் எந்த வருடத்துக் கப்பல் என்று உருதுவில் விசாரித்தார்.

"முப்பத்தேழு, பாய். திரும்பக் கட்டுற வேலை இப்பத்தான் முடிஞ்சுது!" என்று அருள் இந்தியில் பதில் சொன்னார்.

அன்று இரவு துபாயில் சோஹார் பஸ் ஏறும் இடத்தில் கப்பலின் ரிமோட்டை என் கையில் வைத்தார்.

"மிச்சக் கதைய சொல்லல்லியே. ரெண்டாவது போருல குண்டு பட்டும் கரை சேந்துச்சு. போர் முடிஞ்சு ரஷ்யாக்காரன் கைக்குப் போச்சு, அவன் பேரையும் மாத்திட்டான். அம்பத்தஞ்சுல துறைமுகத்துல நங்கூரம் போட்டு நின்னப்ப வெடிச்சு முங்கிட்டு, அறுநூறு பேருக்கு மேல போயிட்டாவ." பஸ் கதவில் காலை வைத்துவிட்டுத் திரும்பினார். "இனி இது உங்க கப்பல் அண்ணே. பேர மட்டும் மாத்திராதிய."

மாற்றமாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.