இறந்தவர் பெயரில் உள்ளே வந்தது யார்?

அரசு அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்குக் காவல் இருப்பது என் வேலை. திருடனை மட்டும் இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை. பாஸ்வேர்டை மாற்று, மாற்று என்று உங்கள் உயிரை வாங்குகிற கூட்டத்தில் நானும் ஒருத்திதான். மேலே இருப்பவர்கள் என் உயிரை வாங்குவதும் அப்படித்தான். எல்லையில் பதற்றமாக இருந்த ஒரு வாரம், புதுக்கோட்டை மாவட்டத்தில் நான் கண்டவை இவை.

தானாக நகர்ந்த அம்பு

வெளிநாட்டிலிருந்து அரசு நெட்வொர்க்குகளுக்குள் நுழையப் பார்க்கிறார்கள், எல்லாவற்றையும் சோதியுங்கள் என்று டெல்லியிலிருந்து எச்சரிக்கை வந்த திங்கட்கிழமை. கறம்பக்குடியில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். உதவியாளர் மல்லிகா அக்கா, டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மவுஸை யாரும் தொடவில்லை. அம்பு மட்டும் நகர்ந்து ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து மூடியது. அவசரமே இல்லை; சொந்த வீட்டு அலமாரியில் எதையோ தேடுகிற நிதானம்.

ஓடிப்போய் நெட் கேபிளைப் பிடுங்கினேன். அம்பு நின்றது. "எத்தனை நாளாக்கா இப்படி?" என்றேன்.

"ஒரு வாரமா வருதுங்க. நீங்கதான் அங்கேர்ந்து வேலை பாக்குறீங்கன்னு, குறுக்க கை வைக்காம ஒதுங்கி ஒக்காந்திருந்தேன்."

கரையில் படகு, கடலில் புள்ளி

புதன்கிழமை கட்டுமாவடி. பலத்த காற்று என்று யாரும் கடலுக்குப் போகவில்லை. ஆனால் படகுகள் இருக்கும் இடத்தைக் காட்டும் திரையில், புள்ளிகள் எல்லாம் ஒரே வரிசையாகக் கடல் எல்லையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. செயற்கைக்கோள் சிக்னலை யாரோ போலியாக அனுப்புகிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது. அந்தப் பக்கத்துக் கடற்படையும் இதே புள்ளிகளைப் பார்த்தால், படகுகள் எல்லை தாண்டி வருவதாகவே நினைக்கும்.

படகுக்காரர் ஆரோக்கியத்திடம் திரையைக் காட்டினேன். அவர் கரைக்குப் போய்த் தன் படகை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

"படகு இங்கிட்டுத்தான் நிக்குது. அப்ப அங்கிட்டுப் போறதுல ஏறியிருக்கிறது யாருங்க?"

மாத்திரை நேரம்

வெள்ளிக்கிழமை பொன்னமராவதி. அங்கே கிளார்க்காக இருந்த சுந்தரம் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வேலையில் இல்லாதவரின் கணக்கை உடனே மூட வேண்டும் என்பது விதி. யாரும் மூடவில்லை. பதிவைப் பார்த்தேன். தினமும் காலை பத்து ஐந்துக்கு அவர் பெயரில் யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். மதியம் சாப்பாட்டு இடைவேளை, மாலையில் ஒழுங்காக லாக் அவுட். நிலப் பதிவேடுகள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போயிருந்தன. சந்தேகம் வராதபடி அவரைப் போலவே நடந்துகொள்ள, உயிரோடு இருந்தபோதே அவரை நெடுநாள் கவனித்திருக்க வேண்டும்.

பென்ஷன் விஷயமாக வந்திருந்த அவர் மனைவி, என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. கணக்கை மூடப் போனபோது, பதிவில் தினமும் பதினோரு மணிக்கு விழுந்திருந்த ஐந்து நிமிட இடைவெளியை விரலால் தொட்டார்.

"சுகர் மாத்திரை போடுற நேரம். இது எனக்கும் அவருக்கும் மட்டுந்தாங்க தெரியும்."

எல்லாவற்றையும் எழுதி மேலே அனுப்பினேன். 'நிலைமை கட்டுப்பாட்டில் உள்ளது' என்று ஒரே வரியில் பதில் வந்தது, யாருடைய கட்டுப்பாட்டில் என்று மட்டும் அதில் இல்லை.