கூட நின்றவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக இருபது காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம். இருபதிலும் சேர்த்து ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். எனக்கு அப்போது வயது பதினொன்று. என் ஆங்கிலத்துக்கு வயது ஆறு மாதம்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு நின்று கொழுந்துக்கூடையைத் தூக்கிவிட, அப்பா மட்டும் பிடிவாதமாக என்னை அட்டன் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். றொசல்ல ஸ்டேஷன் வரைக்கும் நடந்து, அங்கிருந்து ரயிலில் போவேன். 'வித்' என்றால் 'உடன்' என்று டீச்சர் சொல்லித்தந்த அன்று மாலை, 'நான் என் அப்பாவுடன் நடக்கிறேன்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே அவர் கையைப் பிடித்து வீடு வந்தேன். அப்பாவுக்கு ஓர் எழுத்தும் புரிந்திருக்காது. ஆனாலும் வழியில் கண்டவர்களையெல்லாம் நிறுத்தி, "புள்ள இங்கிலீசு பேசுது, கேளுங்க" என்றார். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

அடுத்த காம்பராவில் ஓர் அத்தை இருந்தார். சொந்த அத்தை இல்லை. அப்பாவை அவர் 'அண்ணே' என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை. அந்த வருஷத்து மழையில் அவர் புருஷன் காய்ச்சல் கண்டு செத்துப்போனார். அத்தைக்கும் ஓயாத இருமல். கொழுந்து பறிக்க மலைக்குப் போக முடியவில்லை. வேலைக்கு வராதவளுக்கு எதற்குக் காம்பரா, பிள்ளைகளோடு காலி செய்யட்டும் என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை உத்தரவு போட்டார்.

அப்பா வாயில்லாப் பூச்சி. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில்கூட 'ஆமாங்க' என்பதற்கு மேல் அவர் பேசி நான் கேட்டதில்லை. அவர்தான் தீபாவளிக்கு மட்டும் போடும் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு அத்தைக்காகத் துரையைப் பார்க்க ஆபீசுக்குப் போனார். கூட வருவதாகச் சொல்லியிருந்த ஆண்களுக்கெல்லாம் அன்றைக்கென்று பார்த்து வேலை வந்துவிட்டது. திரும்பி வந்து, "சொல்ல வேண்டியத சொல்லிட்டேன்" என்றதோடு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். என்ன சொன்னார் என்று அம்மா கேட்டதற்கு, "சோத்தப் போடு" என்றார்.

மூன்றாம் நாள் சாயந்தரம் ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முழுக்க ஆங்கிலம்.

"நம்ம கண்டாக்கையாகிட்ட குடுத்து என்னான்னு கேளுங்களேன்" என்றார் அம்மா. கண்டாக்கையா மலையில் வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர், ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்.

"படிச்ச புள்ள வீட்டுல இருக்கப்ப எதுக்கு இன்னொருத்தர் வாசப்படி ஏறணும்?" என்று அப்பா கடிதத்தை என் கையில் தந்தார்.

லயமே எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் கூடிவிட்டது. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. கடிதத்தில் பெரும்பாலான சொற்கள் ரயில் பெட்டிகளைப்போல நீளமாக இருந்தன. அவற்றையெல்லாம் முணுமுணுத்துக் கடந்தேன். நடுவே அப்பாவின் பெயர். அடுத்து 'வித்ஸ்டூட்'. அதற்கடுத்து துரை.

'வித்' எனக்குத் தெரியும். 'ஸ்டூட்' அதற்கு முந்தின வாரம்தான் படித்தது. ஆபீஸ் கிளாக்கர் ஐயா டைப் அடிக்கும்போது நடுவில் இடம் விட மறந்துவிட்டார் என்று, அவருடைய பிழையை வேறு எல்லாருக்கும் எடுத்துச் சொன்னேன்.

"வித்னா கூட. ஸ்டூட்னா நின்னாரு. அப்பா தொரை கூட நின்னாருன்னு எழுதியிருக்கு."

எல்லாரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசிக் காம்பரா மாமா, "நல்லா பாத்து வாசி புள்ள" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விரலை வைத்து, இன்னும் உரக்க, மறுபடியும் அதையே வாசித்தேன்.

அத்தை தன் வாசலில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்களுமா?"

அப்பா வாயைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "புள்ள வாசிச்சா சரியாத்தான் இருக்கும்" என்றார். கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி மடித்து, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினார். அப்புறம் அதை யாரிடமும் காட்டவில்லை.

மறுநாள் எல்லாரும் மலைக்குப் போன நேரத்தில் அத்தை பிள்ளைகளையும் இரண்டு மூட்டைகளையும் எடுத்துக்கொண்டு வலப்பனைப் பக்கம் தன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் வாசலில் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலியில் பெண்கள் அம்மாவுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அது மரியாதை அல்ல.

அடுத்த வாரம் பெரட்டில் அப்பாவின் பேரை வெட்டிவிட்டார்கள். வேலை போனால் காம்பராவும் போகும். "தொரை கூட நின்னவனுக்கே இந்தக் கதியா" என்று லயத்தில் சிரித்தார்கள். வட்டவளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் இருந்த என் தாய்மாமா வரச்சொன்னார். றொசல்லவில் ரயில் ஏறியபோது அப்பா எனக்காக ஜன்னலோரம் இடம் பிடித்துக் கையால் தட்டிக் காட்டினார். துரை பக்கம் நின்ற மனிதருக்குப் பக்கத்தில் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவிடம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பல வருஷம் கழித்து, ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது அந்தச் சொல் மறுபடி எதிரே வந்தது. அது ஒரே சொல்லாம். 'எதிர்த்து நிற்பது' என்று பொருளாம். 'வித்' என்பதற்கே ஆதியில் 'எதிராக' என்றுதான் அர்த்தமாம். காலப்போக்கில் அது கட்சி மாறி 'கூட' என்று ஆகிவிட்டதாம். பழைய அர்த்தம் இந்தச் சொல்லிலும் வேறு ஓரிரண்டிலும் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அகராதி சொன்னது. அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போய் அம்மாவின் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்து முழுவதும் வாசித்தேன். துரையை எதிர்த்து நின்றதற்காகச் சனிக்கிழமைக்குள் ஆபீசுக்கு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், தவறினால் வேலை இல்லை என்று இருந்தது. நான் முணுமுணுத்துக் கடந்த இடம் அதுதான்.

அப்பா அப்போது உயிரோடு இல்லை.

துரையிடம் என்ன சொன்னோம் என்பது சொன்னவருக்குத் தெரியும். நான் வாசித்தது பிழை என்று கண்டுகொள்ள அவருக்கு ஆங்கிலம் வேண்டியிருக்கவில்லை. 'புள்ள தப்பா வாசிக்குது' என்று ஒரு வார்த்தை போதும். அத்தனை பேர் முன்னால் என் தலை குனிந்திருக்கும், அவர் தலை நிமிர்ந்திருக்கும். அப்பா அன்று என் கூட நின்றார். நான் ரயிலில் அவர் கூட உட்காரவில்லை.