வண்டிக்குள் ஒரு டாய்லெட்

சான் ஹோசேயில் எங்கள் வட்டத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. என் கணவருக்கு ஆபீஸில் மேலதிகாரி, சொந்தமாக டவுன்ஹவுஸ் வாங்கியவர், கிரீன் கார்டு கைக்கு வந்துவிட்டவர். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தமிழன் வாயைத் திறந்தால் மற்றத் தமிழர்கள் தலையாட்டுவதற்கு இந்த மூன்று தகுதி போதும். ஒரு சனிக்கிழமை அவர் வீட்டில் சாப்பாடு முடிந்து, பல் குத்திக்கொண்டே அறிவித்தார்.

"வெள்ளக்காரன்லாம் எப்படி வெகேஷன் போறான் தெரியுமா? ஆர்.வி. எடுத்துட்டுப் போறான். நாமளும் போறோம்."

ஆர்.வி. என்பது படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், டாய்லெட் எல்லாவற்றையும் உள்ளே வைத்து வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிவிட்ட பெரிய வண்டி. அதை வாடகைக்கு எடுத்து, மூன்று குடும்பமாக ஏறி, தெற்கே மோரோ பே என்கிற சின்னக் கடலோர ஊருக்குப் போய் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வருவது என்பது திட்டம். தலைவர், அவர் மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், அந்த வருடம்தான் கல்யாணமாகி வந்திறங்கியிருந்த ஒரு ஜோடி, அப்புறம் நாங்கள். என் கணவர் தலைவர் சொல்லி முடிப்பதற்குள் "சூப்பர் ஐடியா சார்" என்றார். அவர் அப்படித்தான். தலைவர் தும்மினாலும் சூப்பர் என்பார்.

எனக்கு அப்போது ஆறாம் மாதம் முடியப் போகிறது. வேலைக்குப் போக அனுமதிக்காத விசா, ஓட்டத் தெரியாத கார், இரண்டாம் மாடியில் ஒரு அபார்ட்மெண்ட். வந்து ஒன்றரை வருடம் ஆகியும் பசிபிக் கடலை விமானத்தின் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. மலையைத் தாண்டினால் கடல். ஆனால் என் கணவருக்கு ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம்தான் நேரம் இருந்தது. பிள்ளை பிறந்துவிட்டால் நான் எங்கேயும் போகப் போவதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனாலும் காரில் போகிற எந்தப் பயணத்துக்கும் நான் தயாராக இல்லை. முந்தின மாதம் லிவர்மோர் கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மலைப்பாதையில் ட்ராஃபிக் நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் கார். வயிற்றில் பிள்ளை மூத்திரப்பையின் மேல் உட்கார்ந்துகொண்டு உதைக்கிறது. என் கணவர் கேசட்டை மாற்றிக்கொண்டே, "கொஞ்சம் அடக்கிக்கோயேன்" என்றார். வீடு வரைக்கும் என்னால் முடியவில்லை. சுடிதாரோடு, கோவில் பிரசாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் ஸீட்டைப் பற்றித்தான் கவலைப்பட்டார்.

அதனால் ஆர்.வி. என்றதும் என் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை. வண்டிக்குள்ளேயே டாய்லெட். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், யாரையும் கெஞ்ச வேண்டாம். டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். அடக்கி வைக்காதே, அவ்வளவுதான், போய்விட்டு வா என்றார். அன்றிலிருந்து நான் அந்தக் கடலுக்காகக் காத்திருந்தேன்.

திட்டமிடுதல் தொடங்கியது. இதைப் போல ஒரு கண்றாவியை நான் பார்த்ததில்லை. இரண்டு ராத்திரி ஒரு ஊரில் போய்த் தங்குவதற்கு வாராவாரம் கூட்டம். தலைவர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ப்ராஜெக்ட் ப்ளான் போட்டுக் கலரில் அச்சடித்துக்கொண்டு வந்து ஆளுக்கொன்று கொடுத்தார். அதில் 'சாம்பார்' என்று ஒரு மைல்ஸ்டோன் இருந்தது. குக்கர் இரண்டா மூன்றா என்று ஒரு சாயங்காலம் முழுக்க விவாதம். ராக்கெட் விடப் போகிறவர்கள் போல மூஞ்சியை வைத்துக்கொண்டு, வண்டியின் முகப்பில் எந்தச் சாமி படம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தால் வாடகைக் கம்பெனிக்காரன் ஏதாவது சொல்வானா என்றெல்லாம் பேசினார்கள். புதுமாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் ஒரு "வாட் இஃப்" வைத்திருந்தான். கடலைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு ஒதுக்கிய வேலை இட்லி மாவு. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைக்க மாட்டேன். எங்கள் வட்டத்தில் வெட் கிரைண்டர் இருந்தது என் வீட்டில் மட்டும்தான். கோயம்புத்தூரிலிருந்து கல்லோடு சுமந்துகொண்டு வந்தது. யார் வீட்டில் விருந்தென்றாலும் மாவு என்னிடமிருந்துதான் போகும். தலைவரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், "உன் கை பட்டாத்தான் இட்லி பூவா வருது" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

பிறகு ஒரு நாள் எல்லோருமாக வண்டியைப் பார்க்கப் போனோம். ஆண்கள் டயரை உதைத்துப் பார்த்தார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியாது. கம்பெனி ஆள் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தான். படுக்கையை இப்படி இழுக்க வேண்டும், அடுப்பை இப்படிப் பற்ற வைக்க வேண்டும். கடைசியில் வண்டியின் பக்கவாட்டில் ஒரு மூடியைத் திறந்து, தடிமனான ஒரு குழாயை எடுத்தான். டாய்லெட் தொட்டி நிறைந்தால் இந்தக் குழாயை இங்கே மாட்டி, மறுமுனையை, வண்டியை நிறுத்தித் தங்கும் கேம்ப்பில் தரையில் இருக்கும் ஓட்டையில் வைத்து, இந்தக் கைப்பிடியை இழுத்தால் எல்லாம் போய்விடும், பிறகு தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்றான்.

தலைவர் கேட்டார், "இட் இஸ் டன் பை யுவர் பீப்பிள், ரைட்?"

இல்லை, நீங்கள்தான் என்றான் அவன்.

மூன்று ஆண்களும் பேயறைந்த மாதிரி நின்றார்கள். எந்த டயரையும் அதற்குப் பிறகு உதைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "ஒரு சின்ன சேஞ்ச். டாய்லெட்ட நாம யூஸ் பண்ண வேணாம்னு நெனைக்கிறேன். சாமி படம் வெக்கறோம், மாவு இருக்கு, சமைக்கறோம். ஒரே வண்டிக்குள்ள அதுவும் இருந்தா நல்லாவா இருக்கு? பூட்டிட்டு, உள்ள அரிசி, தண்ணி கேன், சிப்ஸ் எல்லாம் ஸ்டோர் பண்ணிக்கலாம். வழி பூரா ரெஸ்ட் ஏரியா இருக்கு, நிறுத்தி அங்க போய்க்கலாம்."

"கரெக்ட் சார், ஹைஜீன்தான் முக்கியம்" என்றான் புதுமாப்பிள்ளை. அக்கா "எனக்கும் அது ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு" என்றாள். சம்மதம் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர். கைகள் எழுந்தன. அதில் என் கணவருடைய கையும் ஒன்று.

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். லிவர்மோர் சாலையில் கேசட்டை மாற்றிக்கொண்டிருந்த கை அது.

இவர்களுடைய மடியும் ஆசாரமும் எனக்குத் தெரியாதா? எங்கள் அபார்ட்மெண்டில் அடுப்புக்கும் டாய்லெட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு அட்டைச் சுவர். தலைவர் வீட்டில் பூஜை அலமாரிக்கு நேர் மேலே மாடி பாத்ரூம். இத்தனை வருடம் அதற்கு எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளவில்லை. விஷயம் அதுவே இல்லை. அந்தக் குழாயை யார் பிடிப்பது என்பதுதான் விஷயம். ஊரில் அந்த வேலைக்கு யார் வருவார்கள், எந்தச் சந்து வழியாக வருவார்கள், அவர்கள் குடிக்கக் கேட்டால் தண்ணீரை எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றுவார்கள் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கடல் தாண்டி வந்து, மாஸ்டர்ஸ் படித்து, இரண்டாயிரமாவது வருடம் பிறப்பதற்குள் உலகத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒய்-டூ-கே கோளாறிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்த மூன்று ஆண்களுக்கு, தங்கள் பீயைத் தாங்களே ஒரு ஓட்டையில் விடுவதற்குத் தெம்பில்லை. அதைச் சொல்ல வாயும் இல்லை. சாமி படத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்கள்.

"எனக்கு டாய்லெட் வேணும்" என்றேன். "ரெஸ்ட் ஏரியா வர்ற வரைக்கும் என்னால அடக்க முடியாது. அது இல்லைன்னா நான் வரல."

"வீட்லயே ரெஸ்ட் எடுத்துக்கறியா அப்போ?" என்றார் என் கணவர். நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"நான் வருவேன். அந்தத் தொட்டிய நானே காலி பண்றேன்."

மறுப்பார்கள் என்று நினைத்தேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் சொல்கிறாளே என்று ஒருத்தருக்காவது ரோஷம் வரும், குறைந்தபட்சம் கட்டினவராவது "ச்சீ, நீ எதுக்கு, நான் பாத்துக்கறேன்" என்பார் என்று நினைத்தேன். அறையில் ஒரு பெருமூச்சுதான் வந்தது. நிம்மதிப் பெருமூச்சு.

"அவங்களே பண்றேன்னா ஓகேதான்" என்றான் புதுமாப்பிள்ளை.

"ஃபைன். ஒரு க்ளவுஸ் வாங்கிக்கலாம்" என்று தலைவர் குறித்துக்கொண்டார். ஹைஜீன், சாமி படம், மாவு எல்லாம் எந்தப் பக்கம் போயின என்று தெரியவில்லை.

காப்பி குடித்துக் கிளம்பும்போது அக்கா என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என் தோளைத் தடவினாள். குரலில் தேன் வழிந்தது.

"நீ மாவு, சமையல் எதுலயும் கை வெக்க வேணாம்டா. பாவம், பிள்ளத்தாச்சி. ரெஸ்ட் எடு. மாவ நானே அரைச்சுக்கறேன். உன் கிரைண்டர மட்டும் குடு."

முந்தின வாரமும் நான் பிள்ளைத்தாச்சிதான். அப்போது மூன்று குடும்பத்துக்கும் நான் மாவரைக்கலாம் என்று இருந்தது. இன்னும் குழாயைத் தொடக்கூட இல்லை, அதற்குள் என் கை மாறிவிட்டது.

"கிரைண்டர் வேண்டாங்க்கா" என்றேன். "கக்கூஸ் கழுவுறவ வீட்டுது. மாவுல ஒட்டிக்கப் போகுது."

அவள் முகம் சுண்டிப்போனது. "நான் அந்த அர்த்தத்துல சொல்லலையே" என்றாள். வேறு எந்த அர்த்தம் என்று கேட்டேன். காப்பி டம்ளர்களைக் கழுவப் போய்விட்டாள். காரில் என் கணவர், "சார் வொய்ஃப்கிட்ட அப்படியெல்லாம் பேசலாமா?" என்று ஆரம்பித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போனோம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. வழியில் சலினாஸ் ஊரைத் தாண்டுவதற்குள் டாய்லெட்டுக்குள் முதலில் போனவர் யார் தெரியுமா? தலைவர். அதற்குப் பிறகு எல்லோரும் போனார்கள், வந்தார்கள், போனார்கள். ஒரு ரெஸ்ட் ஏரியாவிலும் வண்டி நிற்கவில்லை. காலி செய்ய ஆள் இருக்கிறதென்றால் வயிறு தாராளமாகிவிடும் போலிருக்கிறது. அக்கா மிக்ஸியில் அரைத்த மாவு புளிக்காமல், இட்லி கல்லாக வந்தது. எல்லோரும் வாயைத் திறக்காமல் மென்றார்கள். எனக்குப் பரம திருப்தி.

மோரோ பேயிலிருந்து கிளம்பும் நாள் காலையில் மஞ்சள் கையுறையைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். குழாயை மாட்டினேன், ஓட்டையில் வைத்தேன், கைப்பிடியை இழுத்தேன், தண்ணீர் விட்டேன். ஒரு சினிமாப் பாட்டு முடிகிற நேரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். இதற்கா இத்தனை கூட்டம் என்று இருந்தது. நிமிர்ந்தால் எதிரே கடல். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பெரிய பாறை எழுந்து நின்றது, அதன் தலை மூடுபனிக்குள். குழாயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு நான் யாருக்கும் கடன்படவில்லை.

என் கணவர் ஊருக்கு அனுப்புவதற்காகக் கேம்கார்டரில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து கத்தினார்: "கொஞ்சம் தள்ளி நில்லு, ஃப்ரேம்ல வர்ற."

நான் தள்ளி நிற்கவில்லை.

அந்த டேப்பை நம் ஊர் டிவியில் ஓடுகிற மாதிரி மாற்றி, ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார். ஒன்பதாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மாமியார் எல்லாம் பார்த்துவிட்டாராம். வண்டி நன்றாக இருந்ததாம், பாறை நன்றாக இருந்ததாம்.

"ஏண்டா, அந்தக் கடலுக்கு முன்னால மஞ்சக் கையொறை போட்டுட்டு ஒருத்தி கொழாயப் புடிச்சுட்டு நிக்கறாளே, அது ஆரு?"

நான் சோபாவில், அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அதாம்மா... அந்தக் கேம்ப்ல வேல செய்யற பொம்பள."

நான் போன் பக்கம் குனிந்தேன். "அத்தை, அது நான்தானுங்க."

"தெரியுங் கண்ணு" என்றார் மாமியார். "வயித்தப் பாத்தாத் தெரியாதா? இவன் என்ன சொல்றான்னு பாக்கத்தான் கேட்டேன்."