நெறி கட்டிய இரண்டு பேர்

தீட்டு நின்று ஆறு வருஷமான பிறகு என் மனைவிக்கு மறுபடியும் உதிரம் போயிற்று. மூன்று மாதம் என்னிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் அதையும் நான் கேலிக்கதையாக்கி உத்தமபாளையம் சந்தை வரைக்கும் கொண்டுபோய்விடுவேன் என்று பயந்தாளாம். பயத்தில் நியாயம் இருந்தது.

யுத்தகாலம். கரியில் ஓடும் பஸ்ஸில் குலுங்கி மதுரைக்குப் போனோம். கர்ப்பப்பையில் புற்று, பையை எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. எடுத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா, அதுபோல அடிவயிற்றுக்குள்ளும் சின்னச் சின்ன முடிச்சுகள் உண்டு. நோய் பையைத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் அங்கேதான் தங்கும். வயிற்றைத் திறந்ததும் கைவிட்டுத் தடவிப் பார்ப்பேன் என்றார். வாய்க்கால் குப்பை மடையில் தங்குவதுபோல என்று எனக்கு விளங்கியது.

விளங்கியதோடு நிறுத்தியிருக்கலாம். குளிக்கப் போன இடத்தில் என் தொடையிடுக்கைத் தடவினேன். நெல்லிக்காய் அளவு கட்டி! அவள் நோய் எனக்கும் தொற்றிவிட்டதென்று முடிவுகட்டி, வெற்றிலைப் பெட்டியிலிருந்த சுண்ணாம்பை அள்ளி அப்பினேன். அறுவைச் சிகிச்சையன்று வராந்தாவில் காலை அகட்டி நடந்தவன் நான் ஒருவன்தான்.

டாக்டரம்மா வெளியே வந்தார். பை முழுசாக வந்துவிட்டது. ஆனால் இரண்டு முடிச்சுகள் பருத்திருந்தன. எடுத்துச் சோதனைக்காகச் சென்னைக்கு அனுப்புவதாகச் சொன்னார். பயத்தில் என் கட்டியையும் உளறிவிட்டேன். அவர் என் பாதத்தைத் தூக்கிப் பார்த்து, பத்து நாளாகக் குதிகாலில் சீழ் கோத்திருந்த கருவேல முள்ளைப் பிடுங்கிக் காட்டினார்.

"பருத்ததெல்லாம் புத்து இல்லைங்க. உங்க காலே சாட்சி."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பதினைந்து நாள் ஓட்டினேன். என் கட்டி சுருங்கச் சுருங்க, அவளுக்கும் ஒன்றும் இராது என்று தினமும் தடவிப் பார்த்துத் தைரியம் கொள்வேன். மறைவாகத்தான் என்று நினைத்திருந்தேன்.

கடிதம் வந்தது. இரண்டு முடிச்சிலும் புற்று இல்லை. டாக்டரம்மா படித்துச் சொன்னார். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"இவுக சுண்ணாம்புக் கட்டியையும் பட்டணத்துக்கு அனுப்புனீகளா?"

டாக்டரம்மா சிரிக்க, இவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்காதே, தையல் பிரிந்துவிடும் என்று அதட்டினேன். ஒருவரைச் சிரிக்காதே என்று என் ஆயுசில் நான் சொன்னது அன்றைக்கு மட்டும்தான்.